தீராத வியாதிக்காரர்களுக்குப் படுக்கை இல்லை

என் வலது கண்ணில் சிவப்பு நிறம் வெளுத்துப்போனது ஒரு சித்திரை மாதத்தில். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில், நார்த்தாமலைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்த ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். வயிற்று வலிக்குக் கொடுக்கிற மிக்சர் நல்ல ரோஜா நிறத்தில் இருக்கும். அன்று காலை புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது கழுநீர் மாதிரித் தெரிந்தது. கலக்கும்போது தப்புப் பண்ணிவிட்டோமோ என்று பயந்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடது கண்ணுக்கு ரோஜா, வலது கண்ணுக்குக் கழுநீர். விழியை உருட்டினால் பின்னாலிருந்து யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல வலித்தது.

டாக்டரிடம் சொன்னேன். ஐம்பதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கார்பாலிக் ஆவி பட்டிருக்கும். ரெண்டு நாள் மருந்து ரூம் பக்கம் போகாதீங்க,” என்றார். ஒன்றரை மாதத்தில் பார்வை தானாகத் திரும்பியது. நானும் மறந்துவிட்டேன்.

எட்டுப் படுக்கை உள்ள அந்த ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடி நான்தான். காலையில் வாசலில் கூடுகிற கூட்டத்தை வரிசையில் நிறுத்துவது, சீட்டு எழுதுவது, யாரை டாக்டரிடம் அனுப்புவது, யாரைத் திருப்பி அனுப்புவது, எல்லாம் என் கையில் இருந்தது. வாசல் சுவரில் ஒரு பலகை தொங்கியது. ஆஸ்பத்திரி நேரம், மருந்துக்குப் புட்டி கொண்டுவர வேண்டும், எச்சில் துப்பக் கூடாது என்பனவற்றுக்குக் கீழே, ‘தீராத வியாதிக்காரர்களுக்குப் படுக்கை இல்லை’ என்று ஒரு வரி. மேலிடத்து விதி. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் டாக்டர் என்னைத்தான் எழுதச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, கோடு போட்டு, வெள்ளைப் பெயிண்டில் எழுதினேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த வரியை வாயால் சொல்வேன். ஒருநாள் ஒரு பெண் தன் புருஷனை மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக் கொண்டுவந்தாள். கிணறு வெட்டும்போது பாறை சரிந்து அவர் இடுப்பில் விழுந்திருந்தது. இரண்டு கால்களும் துவண்டு கிடந்தன.

“இது எலும்பு இல்லம்மா, நரம்பு. இனிமே எந்திரிக்க மாட்டாரு,” என்றேன். “எதுக்கு வண்டி வச்சு அலையறீங்க? வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்க.”

“எப்படிங்க பாத்துக்கிறது?”

“பாத்துக்கங்கன்னா பாத்துக்கங்க. அடுத்த ஆளு, வாங்க.”

அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். அன்று இன்னும் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். நான் அதை ஒரு தப்பாக நினைக்கவே இல்லை.

கண் சரியாகி ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், கல்வத்தில் மருந்து அரைக்கக் குனிந்தேன். முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீரென்று ஒன்று ஓடுமே, அது பிடரியிலிருந்து கால் வரைக்கும் ஓடியது. நிமிர்ந்தால் இல்லை, குனிந்தால் வந்தது. பிறகு பாதம் மரத்தது. பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருந்தது. ஒருநாள் கடைத்தெருவில் ஒருவர் கூப்பிட்டு, “என்ன கம்பவுண்டரய்யா, ஒத்தச் செருப்போட போறீங்க?” என்று சிரித்தார். இடது செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் போய்த் தேடினேன். இரண்டு தெரு தள்ளிக் கிடந்தது.

அதற்குப்பின் தள்ளாட்டம் வந்தது. நேரே நடக்கப் பார்ப்பேன், கால் சுவர்ப் பக்கம் இழுக்கும். கம்பவுண்டர் கையில் ஸ்பிரிட் அலமாரிச் சாவி இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். தள்ளாடுகிற கம்பவுண்டரைப் பார்த்து ஊர் என்ன நினைக்கும்? நான் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைத்ததில்லை. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? யாரும் என் முகத்துக்கு நேரே கேட்கவில்லையே. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். வாசகசாலையில் என்னோடு சீட்டாடுகிற மூன்று பேரும் நான் போகும்போது ஆட்டத்தை முடித்துக்கொண்டு எழுந்தார்கள். கடைசியில் ஒரு நாள் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“நாளையிலேர்ந்து அலமாரிச் சாவி என்கிட்ட இருக்கட்டும்.”

சாவியை மேசைமேல் வைத்தேன். வைக்கும்போது கை நடுங்கியது. அவர் அதையும் கவனித்தார். அதற்கு அவர் என்ன காரணம் நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அப்போது என் மனைவி தலைப்பிரசவத்துக்கு அறந்தாங்கிப் பக்கம் தாய்வீடு போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்த செய்தியைச் சொல்ல மாமனார் நேரில் வந்தார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். உச்சி வெயில். வெயில் ஏறினால் என் கால்கள் இன்னும் மோசமாகும், அது ஏனென்று அப்போது எனக்குத் தெரியாது. வாசலில் கற்கண்டுப் பொட்டலத்தோடு நின்றிருந்த மாமனார் நான் வருவதை முழுக்கப் பார்த்தார்.

“மாப்ளே, பகல்லயேவா?” என்றார்.

அந்த இரண்டு சொல்லை இந்த வயதிலும் என்னால் மறக்க முடியவில்லை. “இல்ல மாமா, இது வேற,” என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கு குழறியது. அது என்னை இன்னும் காட்டிக்கொடுத்துவிட்டது. பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் டாக்டர் அறைக்குள் நானே போனேன். “என் வாயை மோந்து பாருங்க சார்,” என்றேன். அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். என்னைச் சுவரை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். கால்களைச் சேர்த்துவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் மரம் சாய்கிற மாதிரிச் சாய்ந்தேன். இரண்டு கையாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரம் விடவில்லை. அப்புறம் சட்டைப்பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மூடினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

புதுக்கோட்டையில் ரயில் ஏறி, திருச்சியில் மாறி, சென்னைக்குப் போனேன். அங்கே பதினெட்டு நாள். ஒரு பெரிய டாக்டரும் அவரைச் சுற்றி இருபது மாணவர்களும் என் கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். குண்டூசியால் குத்தினார்கள், சுத்தியலால் முழங்காலைத் தட்டினார்கள், ஒரு சாவியால் உள்ளங்காலைக் கீறினார்கள். பெருவிரல் மேல்நோக்கி வளைந்ததும் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பெரிய டாக்டர் நீளமாக ஒரு பெயர் சொன்னார். மாணவர்களுக்குச் சொன்னார், எனக்கு இல்லை. அவர்களில் ஒருவர் பின்னால் தங்கி, என் சீட்டின் பின்புறம் அதை எழுதிக் கொடுத்தார். டிஸ்ஸெமினேட்டட் ஸ்கிளிரோசிஸ். இப்போது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறார்கள். மூளையிலும் முதுகுத் தண்டிலும் அங்கங்கே தழும்பு விழுமாம். வெள்ளைக்காரச் சீமையில் நிறையப் பேருக்கு உண்டாம், இங்கே பார்ப்பது அபூர்வமாம்.

“இதுக்கு என்ன வைத்தியம் சார்?” என்று அந்த மாணவரிடம் கேட்டேன்.

“வைத்தியம்னு ஒண்ணும் இல்லை. நல்லா ஓய்வெடுங்கோ. உடம்புல சூடு ஏறாமப் பாத்துக்கோங்கோ.”

“எப்படி சார் பாத்துக்கிறது?”

கேட்டு முடித்தபிறகுதான் அதே கேள்வியை முன்பு யார் என்னிடம் கேட்டார்கள் என்று ஞாபகம் வந்தது. மாணவர் வருத்தத்தோடு தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவனுக்குச் சூடு ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆறு மாதத்தில் வேலை போனது. டாக்டர் முடிந்தவரை இழுத்துப் பார்த்தார். பிறகு அவருக்கே மாற்றல் வந்துவிட்டது. பெற்றோர் முன்பே இல்லை. ஒரே அண்ணன் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார், ஜப்பான் சண்டை வந்தபிறகு அவரிடமிருந்து கடிதமே இல்லை.

மனைவி ஒருமுறை வந்தாள். குழந்தைக்கு அப்போது ஒரு வயது நடந்துகொண்டிருந்தது. மாமனார் வண்டியை விட்டு இறங்கவில்லை. அவள் வீட்டைக் கூட்டினாள், சோறு வடித்து ரசம் வைத்தாள், எனக்குப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். குழந்தை என்னைப் பார்த்து அழுதது.

“நான் இங்கயே இருந்துரட்டுமாங்க?” என்றாள்.

“இங்க இருந்து என்ன செய்யப்போறே? ஒனக்கு வயசு இருபது. என்னைத் தூக்கி ஒக்கார வைக்கிறதுக்கா ஒன்னை வளத்தாங்க?”

“நான் அதைக் கேக்கலைங்க. இருன்னு சொல்லுங்க, இருக்கேன்.”

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருந்திருப்பாள். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன். என் உடம்பை அவள் தினமும் பார்ப்பதை என்னால் தாங்கியிருக்க முடியாது என்பதுதான் உண்மை. சாயங்காலத்துக்குள் வண்டி போய்விட்டது. பிறகு சில கார்டுகள் வந்தன. அப்புறம் அவையும் நின்றன. அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அதற்குப் பிந்தைய மூன்று வருடங்களைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் பத்து மணி வரைக்கும் நான் ஒரு மனிதன். வெயில் ஏற ஏறக் கால்கள் மெழுகாகும், கண் மங்கும். தரையில் ஈரச்சாக்கை விரித்து அதன்மேல் கிடப்பேன். பக்கத்து வீட்டம்மா ஒரு குடம் தண்ணீரும் ஒரு சட்டி கஞ்சியும் வாசற்படியில் வைத்துவிட்டு, “வச்சிருக்கேன் தம்பி,” என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார். நல்லவர்தான். தன் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடுமோ என்று பயம். ஒட்டாது என்று சொன்னேன். “ஒட்டாதுதான்,” என்று படியிலிருந்தே சொன்னார். நீர் கழிக்க எழுந்து போவது அவ்வளவு பாடு என்பதால் நான் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். பேச ஆள் இல்லாமல் என் குரலே எனக்கு மறந்துவிடும்போல இருக்கும். அப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு மிக்சர்களின் சேர்மானத்தை உரக்கச் சொல்வேன். சோடா இவ்வளவு, ஓமத் திராவகம் இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு.

மார்கழியில் மட்டும் கொஞ்சம் தேறும். தடியை ஊன்றிக் குளத்துவரை நடப்பேன். அதுவும் எனக்கு நல்லதாக முடியவில்லை. “பாருடா, நேத்து வரைக்கும் படுத்துக் கெடந்தாரு, இன்னைக்கு நடக்குறாரு. எல்லாம் நடிப்பு,” என்று படித்துறையில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நடந்தால் நடிப்பு, விழுந்தால் குடி. ஊர் வாயில் எனக்கு வேறு இடம் இருக்கவில்லை.

நான்காவது வருடம் முதுகுக்குக் கீழே படுக்கைப் புண் வந்தது. நான் கம்பவுண்டர், அது எப்படி வளரும் என்று எனக்குத் தெரியும். ஒரு வண்டிக்காரரைப் பிடித்து, பழைய ஆஸ்பத்திரிக்கே போனேன். என் இடத்தில் இருந்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். மரியாதையாக எழுந்து நின்றார். புண்ணைப் பார்த்தார், கழுவினார், கட்டுப் போட்டார்.

“அண்ணே, இதுக்குத் தெனம் கட்டு மாத்தணும்.”

“தெரியும் தம்பி. ஒரு பத்து நாள் படுக்கை குடுத்தீங்கன்னா ஆறிப்போகும். வீட்டுல மாத்த ஆள் இல்ல.”

அவர் மீதித் துணியைச் சுருட்டிவைத்தார். வாசல் சுவரைப் பார்த்தார். அங்கே என் எழுத்து, கொஞ்சம்கூட மங்காமல், முத்து முத்தாக இருந்தது.

“நீங்களே எழுதினதாமே அண்ணே,” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. தர்மசங்கடத்தில் வேறு பேச்சுக் கிடைக்காமல் சொன்னார்.

வண்டியில் திரும்பும்போது, கிணறு வெட்டப்போய் இடுப்பு ஒடிந்தவரின் மனைவி நினைவுக்கு வந்தாள். அவள் என்ன செய்தாள்? அந்த மனிதர் இருக்கிறாரா, செத்தாரா? ஊர் பெயர் சீட்டில் எழுதியதால் ஞாபகம் இருந்தது. மூன்று மைல். “அங்கிட்டு விடுங்க,” என்று வண்டிக்காரரிடம் சொன்னேன்.

அவர் இருந்தார். ஊருக்கு வெளியே ஒரு கூரைச் சார்ப்பில், கயிற்றுக் கட்டிலில், ஒருக்களித்துப் படுத்திருந்தார். சுத்தமாகச் சவரம் செய்த முகம். அந்தப் பெண் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

“யாரு, ஆசுபத்திரிக் கம்பவுண்டரா?”

“இப்ப இல்லம்மா.”

வண்டிக்காரர் என்னை இறக்கிவிடுவதைப் பார்த்தாள். முகம் மாறியது. “ஒங்களுக்குமா?” என்றாள். அதில் பழிவாங்கிய சந்தோஷம் துளிகூட இல்லை.

எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவள் புருஷனைத் திருப்பி முதுகைக் காட்டினாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய குழி, மேலே மெல்லிய தோல் மூடியிருந்தது. மற்றபடி ஒரு கீறல் இல்லை. குதிகால் கட்டிலில் படாமல் இருக்கக் கணுக்காலுக்குக் கீழே உமி அடைத்த சின்ன மூட்டை. முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று. வெயில் வாசற்கல்லுக்கு வந்தால் இடப்பக்கம், உரலுக்கு வந்தால் வலப்பக்கம் என்று நாள் முழுக்கப் புரட்டிவிடுவாளாம்.

“ஒங்க மேல எனக்குக் கோவம் இருந்துச்சுங்க,” என்றாள். “மருந்து இல்லேன்னு சொன்னதுக்கு இல்ல. இல்லாத மருந்துக்கு நீங்க எங்க போவீங்க? எப்படிப் பாத்துக்கிறதுன்னு கேட்டேன். நாலு நா உள்ள படுக்க வச்சு, இப்படிப் பொரட்டு, இப்படித் தொடை, இந்த எடத்துல தலகாணி வையின்னு காட்டியிருந்தா அந்த மொத வருசம் இவரு முதுகு புழுத்திருக்காது. நானாத்தான் கத்துக்கிட்டேன். கத்துக்கிறதுக்குள்ள இவரு உசுரு போயித் திரும்புச்சு.”

“தப்புத்தாம்மா,” என்றேன். 

“சரி விடுங்க. கஞ்சி குடிக்கிறீங்களா?”

அன்று மாலைவரை அங்கே இருந்தேன். கட்டில்காரர், “வெக்கப்படாதீங்க, காட்டுங்க, இவளுக்குத் தெரியாத புண்ணு இல்ல,” என்றார். அவள் சொல்லச் சொல்ல வண்டிக்காரர் செய்து கற்றுக்கொண்டார். அவர்தான் அதன்பிறகு வண்டி ஓட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வந்து என் கட்டை மாற்றினார். இரண்டரை மாதத்தில் புண் மூடியது.

சமஸ்தான வைத்திய இலாகாவுக்கு நான் மனு எழுத ஆரம்பித்தது அந்த மாலையில் இருந்துதான். தீராத வியாதிக்காரர்களை ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. புண் வந்தால், காய்ச்சல் வந்தால், பத்து நாள் படுக்கை கொடுங்கள். வீட்டுக்காரர்களுக்கு எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுங்கள். நிற்க முடியாதவர்களை வரிசையில் நிறுத்தாமல் ஒரு பெஞ்சு போடுங்கள் என்றுதான் எழுதினேன். காலையில் மட்டும்தான் பேனா பிடிக்க முடியும். நாளைக்கு ஆறு வரி. எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. பிறகு கையெழுத்துக்காக அதே வண்டியில் ஊர் ஊராகப் போனேன். எந்த ஊர், எந்த ஆள் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் திருப்பி அனுப்பியவர்கள்தானே. ஒவ்வொரு முகமாக ஞாபகம் வந்தது. சில வீடுகளில் ஆள் இல்லை, செத்துப்போயிருந்தார்கள். ஒரு வீட்டில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். நானாக இருந்தாலும் சாத்தியிருப்பேன். மொத்தம் பதினான்கு கைநாட்டு. எனக்கு வந்த வியாதி அவர்களில் ஒருவருக்கும் இல்லை. இந்தச் சீமையிலேயே அது எனக்கு மட்டும்தான் என்று எண்ணிக்கொள்வேன். அப்படி எண்ணுகிறபோது ரொம்பத் தனியாக இருக்கும்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன், ‘கவனிக்கப்படும்’ என்று ஒரு கார்டு வந்தது. மூன்றாவது முறை நேரிலேயே போனேன். புதுக்கோட்டையில், திருக்கோகர்ணத்தில் ஒரு சத்திரத்தில் தங்கி, காலையில் வண்டிக்காரர் என்னை இலாகா ஆபீஸ் வாசலில் இறக்கினார். அதிகாரி மாடியில். சேவகரிடம் சொல்லி அனுப்பினேன். “ஐயா மேலதான் இருக்காரு, வந்து பாக்கச் சொன்னாரு,” என்று பதில் வந்தது. படிகளைப் பார்த்தேன். இருபத்திரண்டு. மறுநாளும் அதே பதில்.

மூன்றாம் நாள், வெயில் ஏறுவதற்குமுன், முதல் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கையை ஊன்றி ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தேன். இன்னொரு படி. வண்டிக்காரர் தூக்க வந்தார், வேண்டாம் என்றேன். மாடி வராந்தாவில் குமாஸ்தாக்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது வேட்டி நனைந்திருந்தது. அது வியர்வை மட்டும் இல்லை. சத்தம் கேட்டு அதிகாரி அறையை விட்டு வெளியே வந்தார்.

“என்னய்யா இது? சொல்லியிருந்தா நானே எறங்கி வந்திருப்பேனே?”

“சொல்லி அனுப்பினேங்க. ரெண்டு நாளா.”

அவர் சேவகரைப் பார்த்தார். சேவகர் தரையைப் பார்த்தார். அதிகாரி ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். என் வேட்டி நனைந்திருப்பதால் நான் தரையிலேயே இருப்பதாகச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். மனுவை முழுக்கப் படித்தார்.

“இதெல்லாம் செலவு புடிக்கிற காரியம்.”

“ஒரு பெஞ்சுங்க. ரெண்டு கட்டிலுங்க. கட்டில் போட எடமிருக்கு, பின்பக்க வராந்தா சும்மாத்தான் கெடக்கு. நான் அங்கதான் ஒம்பது வருசம் வேலை பாத்தேன்.”

“அந்த விதியை மாத்த முடியுமான்னு தெரியலை.”

“அதை எழுதினவனே நாந்தாங்க,” என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். மனுவின் முதல் பக்கத்தைத் திருப்பி மறுபடி படித்தார்.

உத்தரவு வர எட்டு மாதம் ஆனது. பின்பக்க வராந்தாவில் இரண்டு கட்டில், வாசலில் ஒரு பெஞ்சு. பலகையில் அந்த வரியின்மேல் தார் பூசினார்கள். கிணற்றுக்காரர் அந்தக் கட்டிலுக்கு வரவே இல்லை. முந்தின மாசியில் காய்ச்சலில் போய்விட்டார். செய்தி கேட்டு நான் போனேன். அவள் அழவில்லை. உமி மூட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் கட்டில் போட்ட பிறகு வாரம் ஒருமுறை நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அங்கே படுத்திருப்பவர்களின் வீட்டுப் பெண்களுக்கு எப்படிப் புரட்டுவது, எங்கே தாங்கல் கொடுப்பது என்று காட்டினாள். அவளை யாரும் வரச்சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

இப்படி ஓரிரு வருடம் ஓடியது. அப்புறம் சமஸ்தானம் போய், திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தோம். ஊரில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டம்மா எனக்கும் இரண்டு கொண்டுவந்து படியில் வைத்தார். மூன்று மாதம் கழித்து, பின்பக்க வராந்தாவில் உள்ள கட்டில்களுக்கு உத்தரவு எதுவும் இல்லை என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். பழைய ஆபீஸ் பைல்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அதிகாரி ஓய்வுபெற்றுப் போய்விட்டார். என்னிடம் நகல் இருந்தது. திருச்சிக்கு மறுபடி எழுத ஆரம்பித்தேன். ஆறு வரி இப்போது நாளைக்கு மூன்று வரியானது. இரண்டரை வருடம் எழுதினேன். கடைசியில் ஒரு கட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெஞ்சை அவர்கள் எடுக்கவே இல்லை, அது யாருக்கும் உறுத்தவில்லைபோல.

அந்தக் கட்டிலில் நான் ஒரே ஒரு முறைதான் படுத்திருக்கிறேன். பல வருடம் கழித்து, நீர்த்தாரையில் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்து, நினைவில்லாமல் கிடந்த என்னை வண்டிக்காரர் கொண்டுபோய்ச் சேர்த்தார். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. காலையில் கம்பவுண்டர், அன்று என் புண்ணுக்குக் கட்டுப் போட்டவர்தான், இப்போது அவருக்கும் காதோரம் நரைத்திருந்தது, நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

“அண்ணே, நீங்க இன்னைக்குப் போகலாம். கூட்டிப்போக யாராச்சும் வருவாங்களா?”

வண்டிக்காரருக்குச் சொல்லி அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார். எனக்கு அது தெரியும். வராந்தாவுக்கு வெளியே பெண்கள் புட்டிகளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். வார்டில் ஒரு குழந்தை மருந்து குடிக்க மாட்டேன் என்று கத்தியது. அதன் அப்பா கதை சொல்லி ஏமாற்றப் பார்த்தார். பக்கத்தில் யாரோ இருமினார்கள், யாரோ வெந்நீர் கேட்டார்கள். வருடக்கணக்கில் நான் இத்தனை குரல்களை ஒரே இடத்தில் கேட்டதில்லை.

“தம்பி, ஒரு நாள் இருந்துட்டுப் போறேனே,” என்றேன்.

“இன்னும் வலி இருக்காண்ணே?”

“இல்ல.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் சீட்டில் எதையோ எழுதிவிட்டு, கட்டிலைச் சுவரோரத்திலிருந்து இழுத்து, வார்டு தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்.